முட்டுக்கட்டை

ஜேக்கப்ஸ் பகுதியில், எண்ணெய் ஆலை வாடைக்குப் பின்னால்
எங்கள் லாரி நிலையம்.
தரை சமம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.
மழை மட்டும் உண்மை பேசும்:
டீசல் பூத்த தண்ணீர்
மூன்றாம் கொட்டகையிலிருந்து வாசலை நோக்கி
யாரும் தள்ளாமல் நடந்து போகும்.

நான் சாமான் அறையில் இருக்கிறேன்.
கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு பதிவேடு,
நூலில் கட்டிய பேனா.
இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், காதடைப்பான்,
ஒளிரும் பட்டை தைத்த மேலுடுப்பு,
கையுறை. அது எப்போதும் நடு அளவு மட்டும்.
ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு வாங்கி அனுப்புகிறவர்
மெக்கானிக்கின் கையைப் பார்த்ததே இல்லை.
மூன்று கடிதம் எழுதினேன்.
நான்காவதில் தவசீலனின் கையைத்
தாளில் வைத்துக் கோடு இழுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் தாளுக்கு வெளியே போயிற்று.

அப்புறம், கதவோரம்,
கயிறு கோத்த மஞ்சள் ரப்பர் கட்டைகள்.
அவற்றை மட்டும் யாரும் கேட்பதில்லை.
கேட்காதவனுக்கு நான் ஸ்பேனர் தருவதில்லை.
"அஞ்சு நிமிஷ வேலைக்கா."
இந்த வலையின் ஓட்டை வழியே வந்த
அஞ்சு நிமிஷங்களைக் கூட்டினால்
எனக்கு ஓய்வூதியமே வந்திருக்கும்.
கையெழுத்துப் போடு.

அதனால் இங்கே எனக்கு அந்தப் பெயர்.
வைத்தவன் தவசீலன்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது நாற்பது சொல்,
அதில் ஒன்றை எனக்காகச் செலவழித்தான்.
டிரைவர் பெகிசிஸ்வே அதை வாயில் உருட்டிப் பார்த்து
நடுவில் ஒரு சுலுச் சொடுக்கைச் சேர்த்தான்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கோபம் ஏன்?
தேரை இழுக்க எத்தனையோ கை வரும்.
கட்டையோடு குனிந்து
சக்கரத்துக்கு முன்னால் பின்னடி வைக்கிறவன்
அன்றைக்குச் சாமியைப் பார்ப்பதே இல்லை.
அவன் பார்வை அச்சின் மேல்.
அவன் கையிலிருப்பதைத் 'தடை' என்று முதலில் சொன்னவர்
தூரத்தில் நிழலில் நின்றவராக இருக்கும்.

செவ்வாய் இரவு.
வான் ரீனன் கணவாய் இறங்கி வந்தது
இருபத்திரண்டு சக்கர வண்டி ஒன்று,
கருகிய பிரேக் வாசனையோடு.
பிரேக்கைச் சரி செய்ய
பிரேக்கை விடுவிக்க வேண்டும்.
இந்தத் தொழிலின் சிக்கல் இவ்வளவுதான்.

தவசீலன் சக்கரப் பலகையில் மல்லாந்து
உள்ளே உருண்டு போனான்.
மிச்சம் இரண்டு பூட்ஸ்.
பெகிசிஸ்வே மூன்று பிடி பிடித்து ஏறி உட்கார்ந்தான்,
பொத்தானை அழுத்தினான்.
ஒரு நீண்ட பெருமூச்சு, இரும்புக்கு.

வண்டி நகர்ந்தது.
ஒரு விரற்கடை,
மழைத்தண்ணீர் போகும் அதே திக்கில்.
பிறகு ரப்பர் முனகியது.

அவ்வளவுதான்.
யாரும் கத்தவில்லை. ரேடியோவில்
கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.
டயர் கட்டையின் மேல்
கன்னம் சாய்த்ததுபோல் நின்றது.
பூட்ஸ் இரண்டும் அசையாமல் கிடந்தன,
நான் எண்ணினேன், ஏழு வரை.
எட்டில் ஸ்பேனர் திருகும் ஒலி.

விபத்துப் படிவம் நான்கு பக்கம்.
எந்த உறுப்பு, எத்தனை மணி, யார் சாட்சி.
எடுத்தேன், புரட்டினேன், மறுபடி
இழுப்பறையில் வைத்தேன்.
பதிவேட்டில் மட்டும்:
கட்டை இரண்டு, திரும்பி வந்தன. ஒன்றில் பள்ளம்.

விடியற்காலை வலையருகே வந்தான்.
புருவம் வரை கிரீஸ்.
பேனாவை நூலோடு இழுத்து
'நான்கு' என்று எழுதினான்.
"ஒரு வண்டிதானே?"
"அந்தப் பக்கமும் சரிவு இருக்கலாம்க்கா."

கொடுத்தேன்.
போகத் திரும்பியவன் நின்று, கையுறையும் கேட்டான்.
இருந்தது நடு அளவு.
பல்லால் கடித்து இழுத்தும்
மணிக்கட்டை எட்டவில்லை.
நான் ஐந்தாவது கடிதத்துக்குத்
தாள் தேடினேன், கொஞ்சம் பெரிய தாளாக.